பத்தாவது சொனாட்டாவின் பூச்சிகள்

ஓடுகிற மோட்டாரின் நலத்தை அறிவதற்கு எங்கள் பட்டறையில் இன்றும் முதலில் செய்வது ஒன்றுதான். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை பேரிங் மூடியின்மேல் ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்போம். நிமிடத்துக்கு 2,880 சுற்று சுற்றும் தண்டு, நல்ல பேரிங்கில் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ஒரே இழையாகப் பாடும். உள்ளே குண்டுகளில் ஒன்று தேய்ந்திருந்தாலும் அந்த இழையில் ஒரு முடிச்சு விழுந்து விழுந்து வரும். கோவை கணபதியில் 17 ஆண்டுகளாக அந்த முடிச்சைத் தேடுவதுதான் என் தொழில். சீராக இருப்பதே நலம், சீர் குலைவதே நோய் என்று பழகிய காது என்னுடையது. பியானோ கலைஞர் விளாதிமிர் ஹொரோவிட்ஸ் 1966இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் மக்கள் முன் வாசித்த ருஷ்ய இசையமைப்பாளர் ஸ்கிரியாபினின் பத்தாவது பியானோ சொனாட்டாவை, அதாவது தனிப் பியானோவுக்கு எழுதிய நெடிய இசைப்படைப்பை, அந்தக் காதோடுதான் முதன்முறை கேட்டேன். நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றே நினைத்தேன். இப்போதுதான் கை வருகிறது.

அது என்னிடம் வந்துசேர்ந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் பெரியவர் ஒருவர், கம்பி முளைகளைத் திருகும் சாவியின் முனை தேய்ந்துவிட்டதென்று அதைக் கொண்டுவந்து, அதே அளவில் ஒன்று லேத்தில் கடைந்து தர முடியுமா என்று எங்கள் பட்டறைக்கு வந்தார். கடைந்து கொடுத்தேன். கூலி கேட்காததால் தன்னிடம் இருந்த ஒலிப்பதிவுகளை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். ஷிப்ட் முடிந்த இரவுகளில் ஒவ்வொன்றாகக் கேட்டுவந்தேன். பெரும்பாலானவை எனக்கு இனிமையாக இருந்தன; இனிமையாக இருந்ததோடு கடந்தும் போயின. இது ஒன்று மட்டும் போகவில்லை.

அலெக்சாந்தர் ஸ்கிரியாபின் 1872 ஜனவரியில் மாஸ்கோவில் பிறந்தார். அன்று ருஷ்யாவில் வழங்கிய பழைய நாள்காட்டியில் அது 1871ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் நாள். மேலுதட்டில் வந்த ஒரு கொப்புளம் சீழ்பிடித்து, அதன் நஞ்சு இரத்தத்தில் ஏறி 1915 ஏப்ரலில் இறந்தபோது அவருக்கு வயது 43. பியானோக்காரர்களுக்கு வேண்டிய அகன்ற கை அவருக்கு வாய்க்கவில்லை. மாணவப் பருவத்தில் அளவுக்கு மீறிப் பயிற்சி செய்து வலது கையைக் கெடுத்துக்கொண்டு, இடது கைக்கு மட்டுமான இரண்டு இசைத்துண்டுகளை எழுதினார். வாழ்நாள் முழுவதும் அவர் இசையில் இடது கை வலுவாகவே இருந்தது. பத்து சொனாட்டாக்களுக்கு எண்ணிட்டார். பத்தாவதை 1913இல் எழுதினார். எங்கும் நிற்காமல் ஒரே மூச்சில் போகும் அது, ஏறத்தாழ 12 அல்லது 13 நிமிடங்களில் முடிந்துவிடும்.

அவரை மறைஞானி என்று சொல்வது வெறும் புகழ்ச்சிச் சொல் அன்று. பிளவாட்ஸ்கி அம்மையாரின் நூல்களைக் கரைத்துக் குடித்தவர் அவர். அந்த அம்மையாரின் பிரம்மஞான சபை 1882 முதல் நம் சென்னை அடையாற்றில் தலைமையிடம் கொண்டது என்பதால், இந்த ருஷ்யரின் கனவுக்கும் நமக்கும் இடையே ஒரு மெல்லிய கயிறு இருக்கிறது. இமயமலையடிவாரத்தில் ஏழு நாள் நடக்க வேண்டிய ஒரு பெருஞ்சடங்கை அவர் கற்பனை செய்தார். அதில் இசையோடு ஒளியும் நறுமணமும் நடனமும் சேரும். முடிவில் மனிதகுலமே வேறொன்றாக உருமாறும். அதற்காகச் சமஸ்கிருத இலக்கணம் வாங்கிப் படித்தார், இந்தியாவுக்கு வரத் திட்டமிட்டார். வரவில்லை, சடங்கும் நடக்கவில்லை. மிஞ்சியவை, அந்தச் சடங்கின் வாசலில் நின்று எழுதியவைபோல் ஒலிக்கும் கடைசிக் காலப் பியானோ இசைதான்.

இந்தக் கடைசிக் காலத்து இசை எந்தச் சுருதியிலும் நிலைகொள்ளாது. ஆறாவது சொனாட்டாவிலிருந்து வரிகளின் தொடக்கத்தில் சுருதிக் குறியைக்கூட அவர் எழுதவில்லை. ஆனால் நம் காதுக்கு அது முற்றிலும் அந்நியமும் அன்று. அவர் பெயரோடு சேர்த்து ‘மறைஞானச் சுரக்கூட்டு’ என்று எல்லோரும் சொல்லும் ஆறு சுரங்களைப் பிரித்து வரிசையாக அடுக்கினால், பஞ்சமம் நீங்கிய வாசஸ்பதி ராகம் கிடைக்கிறது. நாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடுவதை அவர் ஒரே நேரத்தில் அடுக்கி ஒலிக்கவிட்டார் என்பதுதான் வேறுபாடு. பத்தாவது சொனாட்டா அந்தச் சுரக்கூட்டைவிட்டுச் சற்று விலகிப் போகிறது. ஆனாலும் வீடு திரும்பாமல் வாசலிலேயே மிதந்துகொண்டிருக்கும் அந்த நிலை இதிலும் உண்டு.

இது பூச்சிகளின் சொனாட்டா என்று ஸ்கிரியாபினே நண்பரிடம் சொல்லியிருக்கிறார். பூச்சிகள் சூரியனிலிருந்து பிறந்தவை, சூரியன் தந்த முத்தங்கள் அவை என்பது அவர் கருத்து. இதைப் படிப்பதற்கு முன்பே இந்த இசையில் எதுவோ சிறகடிப்பது எனக்குக் கேட்டது. காரணம் ட்ரில். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டை மாற்றி மாற்றி மிக விரைவாகத் தட்டுவதைத்தான் ட்ரில் என்கிறார்கள். மற்றவர்கள் இசையில் அது வரியின் ஓரத்தில் வைக்கும் கரைவேலை. இந்தச் சொனாட்டாவில் சேலையே அதுதான்.

பியானோவின் உட்புறத்தைப் பார்த்த பிறகுதான் ட்ரில்லின் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது. அந்தப் பெரியவர் ஒருநாள் தாம் சுருதி சேர்க்கப்போன ஒரு வீட்டுக்கு என்னையும் அழைத்துப் போனார். கட்டையைக் கீழே அழுத்தும் ஆழம் 10 மில்லிமீட்டர்தான். அந்தச் சிறு அசைவு நெம்புகோல்கள் வழியே ஏறி, கம்பளி சுற்றிய சுத்தியலைக் கம்பியை நோக்கி எறிகிறது. எறிந்த கணத்தில் சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுகிறது. அதன்பின் விரல் என்ன செய்தாலும் அந்த ஒலியை வளர்க்கவும் முடியாது, வளைக்கவும் முடியாது. அடித்த மறுகணமே ஒலி சாகத் தொடங்கும். நம் நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்தில் நின்றுகொண்டே அதை அசைப்பார், ஊதி வளர்ப்பார். பியானோவுக்கு மூச்சு கிடையாது. சாகிற ஒலியைச் சாகவிடாமல் காப்பாற்ற அதனிடம் உள்ள வழிகளில் ஒன்று, மறுபடி மறுபடி அடித்துக்கொண்டே இருப்பது. கட்டை முழுவதும் மேலே வருவதற்கு முன்பே மறு அடிக்குச் சுத்தியலைத் தயாராக்கும் பொறியமைப்பை 1821இல் எரார் என்ற கருவிப் பட்டறைக்காரர் செய்துகாட்டினார். அந்த நெம்புகோலை விரலால் தொட்டுப் பார்த்தபோது, நல்ல வேலைக்காரன் கை செய்த வேலை என்று என் மனம் நிறைந்தது.

பெரியவர் என்னை உட்காரச் சொன்னார். மோதிர விரலையும் சுண்டு விரலையும் இரண்டு கட்டைகளில் வைத்து மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தேன். பத்து நொடிக்குள் இரண்டு விரலும் ஒட்டிக்கொண்டன. அரை நிமிடத்தில் முழங்கைவரை இறுகி, நாள் முழுக்க அரம் பிடித்ததுபோல் ஆயிற்று. ஸ்கிரியாபின் கேட்பது இதைப் பன்னிரண்டு நிமிடம். அதுவும் மற்ற விரல்கள் அதே கையில் வேறொரு பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போது, இலை அசைவதுபோல் மெதுவாக.

ஹொரோவிட்ஸ் 1903இல் கீவ் நகரத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது, ஸ்கிரியாபின் இறப்பதற்குச் சிறிது காலம் முன்பு, அவர் முன்னிலையில் வாசித்துக் காட்ட அழைத்துச் செல்லப்பட்டார். கேட்டுவிட்டு ஸ்கிரியாபின் பெற்றோருக்குச் சொன்னது, இவனுக்குப் பியானோவை மட்டும் கற்றுக்கொடுக்காதீர்கள், விரிந்த கல்வியைக் கொடுங்கள் என்பது. அந்தச் சந்திப்பு சில நிமிடங்களே நீடித்திருக்கலாம். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, வேறொரு கண்டத்தில், அந்த மனிதரின் கடைசிச் சொனாட்டாவைத் தொட்டபோது ஹொரோவிட்ஸின் விரல்களில் அது இருந்தது என்றே நான் நம்புகிறேன்.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் இந்த 1966ஆம் ஆண்டு வாசிப்பைக் கேட்க வேண்டும். 1953க்குப் பிறகு அவர் பன்னிரண்டு ஆண்டுகள் மேடையேறவில்லை. 1965 மே 9 அன்று கார்னகி ஹாலுக்குத் திரும்பி வந்தார். சீட்டு வாங்க மக்கள் இரவெல்லாம் தெருவில் வரிசையில் நின்றார்கள். அன்று முதலில் எடுத்த, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையில், தொடக்கத்திலேயே அவர் விரல் தவறான சுரத்தில் விழுந்தது. உலகமே காத்திருந்த கை தவறியது, அதைத் தாண்டிப் போனது, பிறகு அதே மேடையில் ஸ்கிரியாபினின் ஒன்பதாவது சொனாட்டாவையும் வாசித்தது. தவறுவதற்கு அஞ்சிப் பன்னிரண்டு ஆண்டு ஒதுங்கியிருந்தவர் என்று சிலர் சொல்வதை நான் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் தவறக்கூடும் என்று தெரிந்தே வந்து உட்காரும் ஒருவரின் துணிவு அடுத்த ஆண்டின் பத்தாவது சொனாட்டாவில் ஒவ்வொரு வரியிலும் கேட்கிறது.

சொனாட்டா தனித்து இறங்கும் சில சுரங்களோடு தொடங்குகிறது. ‘மிக மென்மையாக, தூய்மையாக’ என்று ஸ்கிரியாபின் அங்கே பிரெஞ்சில் எழுதிவைத்திருக்கிறார். ஹொரோவிட்ஸ் அந்தச் சுரங்களை ஒரே எடையில் வைப்பதில்லை. ஒன்றை வைத்துவிட்டு, அது கரைவதைக் கேட்டு, கரைந்த அளவுக்கு ஏற்ப அடுத்ததின் எடையைக் குறைத்து வைக்கிறார். விடியற்காலையில் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவர் முதலில் இருளைத்தான் பார்ப்பார், பிறகுதான் தண்ணீர் மினுங்குவது தெரியும். அதுபோல் ஒரு ஆழம் அங்கே திறக்கிறது. பிறகு ஊர்ந்து ஏறும் ஒரு மெட்டு வருகிறது, ‘ஆழ்ந்த, திரையிட்ட தகிப்புடன்’. அதன் பிறகு, ‘ஒளிமயமாக, அதிர்ந்தபடி’ என்ற குறிப்போடு ட்ரில்.

முதல்முறை கேட்டபோது என் தொழில் காது இங்கேதான் விழித்துக்கொண்டது. ட்ரில் சீராக இல்லை. தொடங்கும்போது சற்றே தயங்குகிறது, பிடித்துக்கொண்டதும் விரைகிறது, முடியும் முன் ஒரு துளி தளர்கிறது. வலுவும் உள்ளே ஏறி இறங்குகிறது. பேரிங்காக இருந்தால் கழற்றிப் போடச் சொல்லியிருப்பேன். ஆனால் அது நோயின் முடிச்சு இல்லை என்று அதே காது சொன்னது. தேய்ந்த பேரிங்கின் முடிச்சு ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். அதனால்தான் அது கோளாறு என்று கண்டுபிடிக்கிறோம். இங்கே எந்த ட்ரில்லும் முன்னதைப்போல் இல்லை. அந்த பென்டிரைவிலேயே இதே சொனாட்டாவின் வேறு வாசிப்பு ஒன்றும் இருந்தது. அதில் எல்லா ட்ரில்லும் புது மோட்டார் போல ஓடின. மிகத் திறமையான கை அது, ஐயமில்லை. ஆனால் அதில் ஒளியும் இல்லை, பூச்சியும் இல்லை.

என் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வீடு ஆலாந்துறைக்கு அப்பால், வெள்ளிங்கிரி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. பாக்கும் வாழையும் உள்ள தோட்டம். சித்திரை வெய்யிலில் சில்வண்டுகள் கத்தத் தொடங்கினால், பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கத்தான் முடியும். சென்ற ஆண்டு அங்கே திண்ணையில் உட்கார்ந்து, ஒரு ருஷ்யர் பூச்சிகளுக்காகவே பாட்டு எழுதியிருக்கிறார் என்று அம்மிச்சியிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. பாக்கு உரித்துக்கொண்டே, நான் பிறந்ததிலிருந்து கேட்டும் கவனிக்காத ஒன்றைச் சொன்னார்.

“எல்லாம் ஒண்ணா கத்துதுன்னு நெனைக்காத கண்ணு. நல்லாக் கேளு. இந்த மரத்துல ஒண்ணு எடுக்கும், அது ஓய்றதுக்குள்ள அந்த மரத்துல இன்னொண்ணு வாங்கிக்கும். விட்டாத்தான சத்தம் நிக்கறதுக்கு?”

அன்றிரவு மீண்டும் ஹொரோவிட்ஸைக் கேட்டேன். அம்மிச்சி சொன்னதைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார். வலது கையின் மேல்விரல்களில் ஒரு ட்ரில் தளரும் அந்தத் துளி நேரத்தில், அதற்குக் கீழே மற்றொரு குரல் ஏற்கெனவே தொடங்கிவிட்டிருக்கிறது. முதலாவதின் தளர்ச்சி பிழையில்லை, அடுத்ததற்கு அவர் விடும் இடம். அடுத்ததின் தயக்கமும் அப்படியே, முதலாவது விடட்டும் என்று நிற்கும் காத்திருப்பு. எல்லா ட்ரில்லையும் சீராக வாசித்தால் இந்தக் கைமாற்றம் நடக்க இடமே இல்லை. ஓர் ஆள் பல மரங்களாக ஒலிப்பது இப்படித்தான். ஒரே கையில் உள்ள ஐந்து விரல்களுக்கு ஐந்து தனித்தனி எடைகளை அவரால் கொடுக்க முடிந்தது. மணிக்கட்டைத் தாழ்த்தி, விரல்களை மடக்காமல் நீட்டிக் கட்டைமேல் படுக்க வைத்தபடி வாசிப்பவர் அவர். பாடத்தில் அப்படிச் செய்யாதே என்றுதான் சொல்லித்தருவார்கள் என்று சுருதிப் பெரியவர் சொன்னார்.

நடுப்பகுதியில் இசை கொதித்து ஏறுகிறது. உச்சத்தில் ‘வலிமையோடு, சுடர்விட்டு’ என்று எழுதியிருக்கும் இடத்தில் இரண்டு சுரங்களின் நடுக்கம் போதாமல், முழுச் சுரக்கூட்டுகளே நடுங்கத் தொடங்குகின்றன. மொத்தம் ஏறத்தாழ 20 டன் இழுவையைத் தாங்கி நிற்கும் கம்பிகள் அனைத்தும் விழித்துக்கொண்டதுபோல் இருக்கும் அந்த இடத்தை, இரவில் ஹெட்போனில் கேட்கும்போது எழுந்து நின்றுவிடுவேன். ஒலி பெரிதாக இருப்பதாலன்று. அவ்வளவு பெரிய ஒலியின் உச்சியிலும் மேலே ஒரு மெல்லிய வரி தனியாக எரிந்துகொண்டிருக்கிறது; அதை அவர் எதனாலும் மூடவிடவில்லை. இந்த இடத்தில்தான் இது அரங்கில் நடந்த வாசிப்பு என்பது எனக்கு முக்கியமாகிறது. ஸ்டூடியோவில் இந்த உச்சத்தை இன்னொரு முறை எடுக்கலாம். கார்னகி ஹாலில் ஏறத்தாழ 2,800 பேர் அமர்ந்திருக்கும்போது அவருக்கு இருப்பது அந்த ஒரு முறைதான். கை அந்த எல்லையைத் தொட்டால் தவறக்கூடும் என்று தெரிந்தும், அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பாதுகாப்பாகப் போகவில்லை.

ஹொரோவிட்ஸ் ஸ்கிரியாபினை நரம்புத் தளர்ச்சிக்காரராக ஆக்கிவிட்டார், இசைத்தாளில் உள்ள அமைதி அவர் கையில் இல்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. இந்தக் குறையை நான் பலமுறை தாளோடு வைத்து எண்ணிப் பார்த்திருக்கிறேன். அமைதி வேண்டும் என்பவர்கள் இந்தச் சொனாட்டாவை மாலை நேரத்து இசையாக எண்ணிக்கொள்கிறார்கள். சூரியனிலிருந்து பிறந்தவை என்று எழுதியவர் சொன்ன உயிர்கள், ஒரு பருவத்தின் சில வாரங்களில் வாழ்ந்து முடிக்க வேண்டியவை. அவற்றின் குரலில் அவசரம் இருக்கத்தான் வேண்டும். கடைசிக்கு முன் ‘நடுங்கியபடி, சிறகோடு’ என்று ஒரு விரைந்த பகுதி வருகிறது. அங்கே ஹொரோவிட்ஸின் விரல்கள் கட்டைகளைத் தொடுகின்றனவா என்றே ஐயம் எழும் அளவுக்கு ஒலி இலேசாகி, கலைந்து பறந்துவிடுகிறது. அவசரம் தெரியாத கையால் அந்தப் பறத்தலைக் கொடுக்க முடியாது.

அதன் பிறகு தொடக்கத்தில் இறங்கிய அதே சுரங்கள் திரும்பி வருகின்றன, ‘மெல்ல மெல்ல அணையும் இனிய சோர்வோடு’. எழுத்தில் பார்த்தால் ஏறத்தாழ அதே வரி. ஹொரோவிட்ஸ் முதலில் வாசித்ததுபோல் அதை வாசிக்கவில்லை. தொடக்கத்தில் ஒவ்வொரு சுரமும் கரைவதைக் கேட்டுக் காத்திருந்தவர், இப்போது கரைந்து முடியும்வரை காத்திருக்கிறார். அந்தச் சிறு வேறுபாட்டில் பகல் முழுவதும் கடந்துவிடுகிறது.

இந்த வைகாசியில் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, இயர்போனின் ஒரு பக்கத்தை அம்மிச்சியின் காதில் வைத்து, முழுச் சொனாட்டாவையும் ஓடவிட்டேன். கரண்ட் போயிருந்தது, கிணற்று மோட்டார் நின்றிருந்தது. அவர் பாக்குக் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு, தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார். முடிந்ததும் இயர்போனைக் கழற்றாமலே கேட்டார்.

“வாசிச்சவருக்கு அப்ப என்ன வயசு கண்ணு?”

“அறுபதைத் தாண்டிட்டாருங்க அம்மிச்சி.”

தன் வலது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து, மோதிர விரலையும் சுண்டு விரலையும் மெதுவாக மடக்கி நீட்டிப் பார்த்தார். ஐம்பது ஆண்டுகள் பாக்கு உரித்த விரல்கள் அவை. இரண்டும் சேர்ந்துதான் மடங்கின.

“மொதல்ல இருந்து வையி” என்றார்.